ஆறு முகங்கொண்ட கடைசற்பொறி

ஆண்டுவிழா மலருக்குக் கட்டுரை ஒன்று தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது, தமிழ் இலக்கியம் பற்றியோ பண்பாடு பற்றியோ நான் எழுதுவேன் என அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அவற்றை எழுதுதற்கு என்னிலும் தகுதி வாய்ந்தோர் பலர் உளர். எனவே, சனிக்கிழமைகளில் உங்கள் முன் நிற்கும் நான், வாரத்தின் ஏனைய ஐந்து நாட்களிலும் எதன் முன் நிற்கின்றேனோ அதனைப் பற்றியே எழுதத் துணிந்தேன். அது ஓர் இரும்புப் பொறி. என்னிலும் வயதில் மூத்தது. எண்ணெய் படிந்து நிறம் மங்கியது. கணினி எதுவும் அதில் இல்லை. ஆயினும், நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான உதிரிப்பாகங்களை, ஒன்றுபோலவே மற்றொன்றும் இருக்கும் வண்ணம், அது ஆக்கித் தருகின்றது.

நம் பாடசாலைப் பிள்ளைகளிடம், "அப்பா என்ன வேலை செய்கின்றார்?" என வினவினால், "தொழிற்சாலையில் வேலை" என்னும் விடையே பலரிடமிருந்து கிடைக்கின்றது. அதற்குமேல் அவர்களுக்குத் தெரியாது; பெற்றோரும் சொல்வதில்லை. கைபிடியை இழுக்கும் வேலையில் பிள்ளைக்குச் சொல்வதற்கு என்ன இருக்கின்றது என நானும் ஒருகாலத்தில் எண்ணியதுண்டு. அவ்வெண்ணம் எத்துணைத் தவறானது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடைதல் என்னும் சொல்

தயிரைக் கடைகின்றோம், மரத்தையும் கடைகின்றோம். இரண்டிற்கும் தமிழில் ஒரே வினைச்சொல். இது தற்செயலன்று. மத்தில் கயிற்றைச் சுற்றி, இரு முனைகளையும் மாறி மாறி இழுக்கும்போது மத்து முன்னும் பின்னுமாகச் சுழல்கின்றது. பழைய மரக்கடைசலும் இவ்வாறே நிகழ்ந்தது. கட்டையில் கயிற்றைச் சுற்றி ஒருவர் மாறி மாறி இழுக்க, மற்றொருவர் சுழலும் கட்டையில் உளியை வைத்துச் சீவுவார். கட்டிற்காலும் தொட்டிற்காலும் பம்பரமும், ஏன், அந்த மத்துங்கூட இவ்வாறே உருப்பெற்றன. "கடைசல் பிடித்தல்" என்னும் வழக்கு இன்றும் நம்மிடையே உண்டு. ஆங்கிலத்தில் லேத் எனப்படும் பொறியைக் கடைசற்பொறி என நாம் அழைப்பது இதனாலேயாகும்.

மரத்தைக் கடைபவர் உளியைக் கையிலேயே பிடித்திருப்பார். இரும்பையும் உருக்கையும் துல்லியமாகக் கடைவதற்குக் கைவலு போதாது. எனவே உளியை ஓர் இரும்புச் சறுக்கியில் இறுகப் பூட்டி, அச்சறுக்கியைத் திருகினால் நகர்த்தும் முறை உருவாயிற்று. லண்டனிற் பட்டறை நடத்திய ஹென்றி மோட்ஸ்லி என்பார் 1800ஆம் ஆண்டளவில் அமைத்த திருகுவெட்டும் கடைசற்பொறி இம்முறையை நிலைநிறுத்தியது. இன்றும் சிறு பட்டறைகளிற் காணப்படும் சாதாரண லேத் இதன் வழிவந்ததேயாகும்.

ஒன்று வேண்டுமா, இருநூறு வேண்டுமா?

1990களில், பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்திற் சிறுவனாக இருந்த என் நினைவில் ஒரு லேத்துப் பட்டறை உண்டு. தோட்டத்திற்கு நீரிறைக்கும் இயந்திரத்தில் ஒரு பாகம் தேய்ந்துவிட்டால், புதிய பாகம் கடைகளிற் கிடையாது. தேய்ந்த பாகத்தை எடுத்துக்கொண்டு அப்பட்டறைக்குச் செல்வோம். அங்குள்ள பெரியவர் அதனை அளந்து, அதே அளவில் வேறொன்றைக் கடைந்து தருவார். ஒருமுறை வெட்டுவார்; அளப்பார்; மீண்டும் சிறிது வெட்டுவார்; மீண்டும் அளப்பார். உளியை மாற்றுவார், துறப்பணத்தைப் பூட்டுவார். ஒரு பாகத்திற்கு ஒரு முழுக்காலை சென்றாலும் ஆச்சரியமில்லை. ஒரேயொரு பாகம் தேவைப்பட்ட இடத்தில் அம்முறையே சாலச் சிறந்தது.

ஆனால், அதே பாகம் இருநூறு தேவைப்படின் என் செய்வது? ஒவ்வொரு பாகத்திற்கும் ஐந்தாறு முறை கருவியை மாற்றி, ஒவ்வொரு முறையும் அளந்து வெட்டினால் நாட்கள் பல கழியும். அன்றியும், எத்துணைக் கைத்தேர்ச்சி உடையவராயினும், நூறாவது பாகத்தை வெட்டும்போது களைப்பினாற் பிழை நேரும். இவ்விடர்ப்பாட்டிற்கு விடையாகத் தோன்றியதே டரட் லேத். டரட் என்னும் சொல் சிறு கோபுரத்தைக் குறிக்கும். ஆதலின் இதனைக் கோபுரக் கடைசற்பொறி எனலாம். இங்கிலாந்தில் இதன் சிறிய வகையைக் கப்ஸ்டன் லேத் என்பர்.

கோபுரம் சுழலும் விதம்

சாதாரண லேத்தில், பொருளைப் பிடித்துச் சுழற்றும் தலைப்பகுதி இடப்புறத்தில் இருக்கும். நீண்ட பொருளின் மறுமுனையைத் தாங்கும் வாற்பகுதி வலப்புறத்தில் இருக்கும். டரட் லேத்தில் அவ்வாற்பகுதி இல்லை. அதன் இடத்தில், ஆறு முகங்கள் கொண்ட ஓர் உருக்குக் கோபுரம் நிற்கின்றது. ஒவ்வொரு முகத்திலும் ஒவ்வொரு கருவி பூட்டப்பட்டிருக்கும். நம் பிள்ளைகளுக்கு இதனை விளக்க நேரும்போது, "ஆறுமுகம்" என்னும் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன், மறக்க மாட்டார்கள்.

பொறியின் முன்னே கப்பற் சுக்கான் போன்று பல கைபிடிகள் கொண்ட சில்லு ஒன்று உண்டு. அதனை ஒருபுறம் திருப்பினால் கோபுரம் முன்னேறும். முதல் முகத்திலுள்ள கருவி தன் வேலையைச் செய்யும். மறுபுறம் திருப்பினால் கோபுரம் பின்வாங்கும். முழுமையாகப் பின்வாங்கியதும் அதன் பூட்டு தானாகவே விடுபட்டு, கோபுரம் 60 பாகை திரும்பி, மீண்டும் பூட்டிக்கொள்ளும். இப்போது இரண்டாவது கருவி முன்னே நிற்கும். இவ்வாறு ஆறு முறை செல்ல, கோபுரம் ஒரு முழுச்சுற்றை நிறைவு செய்து பழைய நிலைக்கு மீளும்.

கருவி எவ்வளவு தூரம் உட்செல்ல வேண்டும் என்பதைக் கை முடிவுசெய்வதில்லை. ஒவ்வொரு முகத்திற்கும் உரிய தடுப்புத் திருகு ஒன்று பொறியின் பின்புறத்தில் உண்டு. ஆறு முகங்களுக்கும் ஆறு தடுப்புகள். கோபுரம் திரும்பும்போது தடுப்புகளும் உடன் திரும்புகின்றன. கருவி குறித்த ஆழத்தை அடைந்ததும் தடுப்பு முட்டி நின்றுவிடும். எனவே, பொறியை இயக்குபவர் அளக்க வேண்டியதில்லை. முட்டும்வரை தள்ளினாற் போதும். இத்தடுப்புகளே இப்பொறியின் நினைவாற்றல் எனலாம்.

கோபுரத்திற்கு முன்னே குறுக்குச் சறுக்கி ஒன்றும் உண்டு. அதன் முன்பக்கத்தில் ஓர் உளியும் பின்பக்கத்தில் ஓர் உளியும் பூட்டலாம். செய்து முடித்த பாகத்தைக் கோலிலிருந்து அறுத்தெடுப்பது பெரும்பாலும் பின்பக்கத்து உளியாகும்.

கப்ஸ்டன் லேத்திற்கும் பெரிய டரட் லேத்திற்கும் உள்ள வேறுபாட்டையும் சொல்லிவிடுகின்றேன். கப்ஸ்டனில் கோபுரம் ஒரு குறுகிய சறுக்கியின்மேல் இருக்கும். அச்சறுக்கி மட்டும் நகரும். ஆதலால் அது இலகுவானது, விரைவானது, சிறு பாகங்களுக்கு ஏற்றது. பெரிய டரட் லேத்தில் கோபுரத்தைத் தாங்கும் முழுப்பீடமும் பொறியின் படுகைமேல் நகரும். அது பாரமான வெட்டுகளுக்கு உரியது.

ஆயுதசாலையிற் பிறந்த பொறி

இப்பொறியின் வரலாறு சுவையானது. அதேவேளை நம்மைச் சிந்திக்கவும் வைப்பது. அமெரிக்காவின் கனெக்ரிகட் மாநிலத்தில், 1845ஆம் ஆண்டில், ஸ்ரீபன் ஃபிட்ச் என்பவர் முதலாவது டரட் லேத்தை அமைத்ததாகக் கூறுவர். இராணுவக் கைத்துப்பாக்கிகளுக்கு 30,000 சுடுபொறித் தொகுதிகளைச் செய்யும் ஒப்பந்தத்திற்காக, ஒரேயளவான சிறு திருகாணிகள் பெருந்தொகையாக அவருக்குத் தேவைப்பட்டன. அத்தேவையே கோபுரத்தை ஈன்றது.

அதே காலத்தில், வேர்மொண்ட் மாநிலத்தின் ராபின்ஸ் அன்ட் லோறன்ஸ் நிறுவனம், உறுப்புகளை ஒன்றிலிருந்து கழற்றி மற்றொன்றிற் பூட்டத்தக்க துப்பாக்கிகளைச் செய்து, 1851ஆம் ஆண்டு லண்டனில் நடைபெற்ற மாபெரும் கண்காட்சியில் வைத்தது. அதனைக் கண்டு வியந்த பிரித்தானிய அரசு, 1850களின் நடுப்பகுதியில், லண்டனுக்கு வடக்கேயுள்ள என்ஃபீல்ட் ஆயுதத் தொழிற்சாலைக்கு அமெரிக்கப் பொறிகளை வரவழைத்தது. இன்று நம்மவர் பலர் வாழும் என்ஃபீல்ட் அதுவேயாகும். ஒன்றுபோல் மற்றொன்றைச் செய்யும் அமெரிக்க முறை இந்நாட்டில் வேரூன்றியதற்கு அஃது ஒரு முக்கிய காரணம்.

பின்னர் இப்பொறி அமைதிக்கால வேலைகளிலும் புகுந்தது. தையற்பொறி, மிதிவண்டி, மோட்டார் வண்டி, நீர்க்குழாய்ப் பொருத்துகள் ஆகிய யாவற்றிற்கும் ஒரேயளவான சிறு பாகங்கள் வேண்டியிருந்தன. 1880இல் தொடங்கப்பெற்ற வார்னர் அன்ட் சுவாசி நிறுவனம் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் டரட் லேத்துகளைச் செய்து புகழ்பெற்றது. அந்நிறுவனத்தாரே கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் 1888இல் நிறுவப்பட்ட 36 அங்குலத் தொலைநோக்கியின் தாங்கமைப்பையும் செய்தனர். சிறு திருகாணிக்கும் பெருந்தொலைநோக்கிக்கும் வேண்டிய துல்லியம் ஒன்றே என்பதற்கு இது நற்சான்று.

இங்கிலாந்தில், கொவென்றி நகரின் அல்ஃபிரட் ஹேர்பேட் நிறுவனமும் பேர்மிங்காம் நகரின் எச். டபிள்யூ. வார்ட் நிறுவனமும் இவ்வகைப் பொறிகளுக்குப் பெயர்பெற்றிருந்தன. திருகுமரை வெட்டி முடிந்ததும் தானாகவே வாய்திறந்து விலகிக்கொள்ளும் "கொவென்றி டைஹெட்" என்னும் கருவி ஹேர்பேட் நிறுவனத்தின் ஆக்கமாகும். அந்நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் மறைந்துபோயிற்று. ஆயினும் அதன் நிறுவுநர் வழங்கிய நன்கொடையால் உருவாகி 1960இல் திறக்கப்பட்ட ஹேர்பேட் கலைக்கூடமும் அருங்காட்சியகமும் கொவென்றியில் உள்ளது. அங்கே செல்லும் பிள்ளைகள், அக்கலைக்கூடத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு பொறி நிற்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் உலகப்போரின்போது, 1941 டிசம்பரில் நிறைவேற்றப்பட்ட சட்டத்தின்படி, 20 முதல் 30 வயது வரையான மணமாகாத பெண்களும் நாட்டுப்பணிக்கு அழைக்கப்பட்டனர். அதற்குமுன் உலோகத்தைத் தொட்டறியாத பெண்கள் ஆயிரக்கணக்கில் கப்ஸ்டன் லேத்துகளின் முன் நின்றனர். சில வாரப் பயிற்சியுடன் அவர்கள் துல்லியமான பாகங்களைச் செய்ய முடிந்தமைக்குக் காரணம், கருவிகளையும் தடுப்புகளையும் வேறொருவர் முன்னரே ஒழுங்குபடுத்தி வைத்திருந்தமையாகும்.

ஆயுதத்தின் பொருட்டுப் பிறந்த பொறி இது. ஆயுதங்களால் ஊரிழந்து வந்த எனக்கு இந்நாட்டிற் சோறிட்டதும் இதுவே. இதனை நினைக்கும்போதெல்லாம், பொறியில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. அதனால் எதைச் செய்கின்றோம் என்பதிலேயே எல்லாம் இருக்கின்றது எனத் தோன்றும்.

ஒரு பித்தளைப் புஷ் உருவாகும் முறை

இனி ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். 25 மில்லிமீற்றர் விட்டமுள்ள பித்தளைக் கோலிலிருந்து ஒரு புஷ் செய்ய வேண்டும். அதன் உடல் 18 மி.மீ. விட்டமும் 20 மி.மீ. நீளமும் உடையது. அடியில் 4 மி.மீ. தடிப்பான விளிம்பு உண்டு. விளிம்பின் விட்டம் கோலின் விட்டமாகிய 25 மி.மீ. நடுவே 10 மி.மீ. துளை.

முதலாம் முகத்தில் வெறும் தடுப்புக் கட்டை ஒன்று இருக்கும். பிடிப்பானைத் தளர்த்தியதும் கோல் முன்னே வந்து அதில் முட்டி நிற்கும். மீண்டும் பிடிப்பானை இறுக்க வேண்டும். இரண்டாம் முகத்திலுள்ள உளிப்பெட்டி உடலை 18 மி.மீ. விட்டத்திற்குக் குறைக்கும். இப்பெட்டியில் உளிக்கு எதிர்ப்புறமாகக் கோலைத் தாங்கும் அமைப்பு உள்ளதால், கோல் வளையாது. ஒரே வெட்டிலேயே வேலை முடியும். மூன்றாம் முகத்திலுள்ள குறுந்துறப்பணம் மையத்திற் சிறு குழி இடும். நான்காம் முகத்திலுள்ள 9.8 மி.மீ. துறப்பணம் துளையிடும். ஐந்தாம் முகத்திலுள்ள ரீமர் துளையைச் சரியாக 10 மி.மீ. அளவிற்குக் கொண்டுவரும். ஆறாம் முகத்திலுள்ள கருவி துளையின் வாயோரத்துக் கூர்மையை நீக்கும். இறுதியாகக் குறுக்குச் சறுக்கியின் பின்பக்க உளி புஷ்ஷை அறுத்தெடுக்கும். அறுத்த பக்கத்துப் பிசிறைப் பின்னர் நீக்கிக்கொள்ளலாம்.

கோல் எவ்வேகத்திற் சுழல வேண்டும்? பித்தளையின் வெட்டுவேகத்தை நிமிடத்திற்கு 60 மீற்றர் எனக் கொள்வோம். 60 மீற்றரை மில்லிமீற்றராக்கி, கோலின் சுற்றளவினால் வகுக்க வேண்டும். 60,000ஐ 78.5 ஆல் வகுக்க, ஏறத்தாழ 764 வரும். அதாவது நிமிடத்திற்கு 764 சுற்றுகள். பொறியில் அதற்கு அண்மித்ததாக உள்ள வேகத்தைத் தெரிவுசெய்வோம். மென்னுருக்காயின் வெட்டுவேகம் ஏறத்தாழ 30 மீற்றர், சுற்றுகளும் பாதியாகும். வட்டத்தின் சுற்றளவு எதற்குப் பயன்படும் எனக் கேட்கும் மாணவர்கள் இதனைக் கவனிக்கவும்.

கோல் எவ்வளவு வேண்டும்? புஷ்ஷின் நீளம் 24 மி.மீ.; அறுக்கும் உளி தின்பது 3 மி.மீ. ஆக, ஒன்றிற்கு 27 மி.மீ. இருநூறிற்கு 5,400 மி.மீ. மூன்று மீற்றர் நீளமான கோல்கள் இரண்டு போதும். பிடிப்பானுள் எஞ்சும் துண்டுகளுக்கும் இடமுண்டு.

எத்தனை பாகங்களுக்கு இது இலாபம்?

பொறியை ஒழுங்குபடுத்த நேரம் செல்லும் என்பதை மறத்தலாகாது. கணக்கிற்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். சாதாரண லேத்தில் ஆயத்தம் 15 நிமிடம், ஒவ்வொரு புஷ்ஷிற்கும் 8 நிமிடம் எனவும், டரட் லேத்தில் ஆயத்தம் 150 நிமிடம், ஒவ்வொன்றிற்கும் ஒன்றரை நிமிடம் எனவும் கொள்க.

பத்துப் புஷ்கள் வேண்டுமாயின் சாதாரண லேத்தில் 95 நிமிடம், டரட்டில் 165 நிமிடம். சாதாரண லேத்தே மேல். நூறு வேண்டுமாயின் முன்னையதில் 815 நிமிடம், பின்னையதில் 300 நிமிடம். இருநூறாயின் 1,615 நிமிடமும் 450 நிமிடமும். இரண்டும் சமமாகும் எண் எது? மேல்வகுப்பு மாணவர்கள் சமன்பாடு அமைத்துப் பார்க்கலாம்: ஆயத்த நேர வேறுபாடாகிய 135ஐ, ஒவ்வொரு பாகத்திலும் மிஞ்சும் ஆறரை நிமிடத்தினால் வகுக்க, 21க்குச் சற்றுக் குறைவாக வரும். ஆகவே 21 பாகங்களிலிருந்து டரட் லேத் முந்துகின்றது.

என் கையால் நேர்ந்த பிழை

பொறியை ஒழுங்குபடுத்துபவரைப் பட்டறையில் செற்றர் என்பர். இயக்குபவர் ஒப்பரேற்றர். நான் ஒப்பரேற்றராகவே சேர்ந்தேன். ஊரிலே கணிதம் கற்பித்தவன். இங்கே கைபிடியைத் திருப்பினேன். அவ்வேலைக்கு ஆங்கிலமும் அதிகம் வேண்டியிருக்கவில்லை. செற்றர் ஆயத்தம் செய்து தருவார். நான் முட்டும்வரை தள்ளுவேன். மனம் எங்கோ இருக்கும்.

ஒருநாள், அந்த முதிய ஆங்கிலேயச் செற்றர், ஒரு சிறு வேலையை நானே ஒழுங்குபடுத்திப் பார்க்கும்படி விட்டார். மேற்சொன்னதைப் போன்ற புஷ்கள் இருநூறு. முதல் மூன்றையும் மைக்ரோமீற்றரால் அளந்தேன். யாவும் சரியாக இருந்தன. மகிழ்ச்சியுடன் ஏனையவற்றைச் செய்து முடித்தேன். மாலையில் அவர் பெட்டியிலிருந்து அள்ளி அளந்தபோது உடலின் நீளம் வரவரக் கூடியிருந்தது. விளிம்பு வரவர மெலிந்திருந்தது. நூற்று முப்பதுக்கு மேற்பட்டவை கழிவுப்பெட்டிக்குச் சென்றன.

அவர் ஏசவில்லை. ஒரு சாவியை என் கையிற் கொடுத்து, "காரணத்தைக் கண்டுபிடி" என்று மட்டும் சொல்லிச் சென்றார். உளியைப் பார்த்தேன், பிடிப்பானைப் பார்த்தேன். நெடுநேரத்தின் பின், இரண்டாம் தடுப்புத் திருகின் பூட்டுச்சுரையை விரலால் தொட்டேன். அது விரலுக்கே சுழன்றது. நான் அதனை இறுக்கியிருக்கவில்லை. ஒவ்வொரு முறை முட்டும்போதும் திருகு மயிரிழையளவு பின்வாங்கியிருக்கின்றது.

"பதறாத காரியம் சிதறாது" என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லிக் கொடுத்தவன் நான். அன்றே அதன் பொருளைக் கற்றேன். அதன்பின் இரண்டு வழக்கங்களைக் கைக்கொண்டேன். ஒன்று, ஆயத்தம் முடிந்ததும் எல்லாப் பூட்டுச்சுரைகளையும் இரண்டாம் முறை தொட்டுப் பார்த்தல். மற்றொன்று, பத்துப் பாகங்களுக்கு ஒருமுறை அளத்தல். துளையை அளக்க இருமுனை அளவி உண்டு. 10 மி.மீ. முனை துளையினுட் செல்ல வேண்டும், 10.015 மி.மீ. முனை செல்லக் கூடாது. வேலை தொடங்கும்போது சரியாக இருந்தது முடியும்வரை சரியாக இருக்கும் என நம்புதல் ஆகாது.

அன்றிலிருந்து அப்பெரியவர் எனக்குச் செற்றர் தொழிலைக் கற்பிக்கத் தொடங்கினார். மாலையில் வீட்டிற்கு வந்து அவர் சொன்னவற்றைத் தமிழில் ஒரு கொப்பியில் எழுதினேன். எந்தப் பாகத்திற்கு எந்த முகத்தில் எக்கருவி, எவ்வேகம், தடுப்பு எவ்வளவு என யாவும் அதில் உண்டு. அவர் எதனையும் எழுதி வைத்தவர் அல்லர். அத்தனையும் அவர் தலைக்குள்ளேயே இருந்தன. அவர் ஓய்வுபெற்றுச் சென்றபின் பழைய வேலையொன்று மீண்டும் வந்தபோது, பட்டறையில் அதனை ஒழுங்குபடுத்தும் வழி அந்தத் தமிழ்க் கொப்பியில் மட்டுமே இருந்தது. பின்னர் அதனை ஆங்கிலத்திற் பெயர்த்து எழுதிக் கொடுத்தேன்.

பழைய பொறி வாங்க எண்ணுவோர்க்கு

நம்மவருட் சிலர் சிறு பட்டறை தொடங்கும் எண்ணமுடையோர். பழைய கப்ஸ்டன் லேத்துகள் குறைந்த விலைக்குக் கிடைப்பதுண்டு. அவர்கள் சிலவற்றைக் கவனித்தல் நன்று.

முதலாவது, பொறியைவிடக் கருவிகளே முக்கியம். பிடிப்பான்கள், உளிப்பெட்டிகள், டைஹெட்கள் உடன்வருகின்றனவா எனப் பார்க்க வேண்டும். அவையின்றிப் பொறியை மட்டும் வாங்கியவர், பின்னர் அவற்றைத் தேடுவதிலேயே பணத்தைச் செலவிடுவார். இரண்டாவது, கோபுரத்தின் சறுக்கி தேய்ந்திருப்பின், கருவியின் மையம் கோலின் மையத்திலிருந்து தாழ்ந்துவிடும். துளைகள் அளவிற் பெருக்கும். கோபுரத்தைப் பலமுறை சுழற்றி, ஒவ்வொரு முறையும் அதே இடத்திற்கு மீள்கின்றதா என முள்ளளவியால் அறிதல் வேண்டும். மூன்றாவது, இப்பொறிகளின் மோட்டார்கள் பெரும்பாலும் மும்முனை மின்சாரத்தில் ஓடுபவை. வீட்டு மின்சாரத்தில் நேரே ஓடமாட்டா. அதற்கெனத் தனி மாற்றிச் சாதனம் வேண்டும்.

பாதுகாப்பே எல்லாவற்றிலும் தலையாயது. நீண்ட கோலின் பின்முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கச் சுழற்றினால், அது வளைந்து சாட்டைபோல் அடிக்கும். கோல் முழுவதும் அதற்குரிய குழாயினுள் இருத்தல் வேண்டும். கையுறை, கழுத்துப்பட்டி, தொங்கும் சட்டைக்கை ஆகியவற்றுடன் சுழலும் பொறியை அணுகலாகாது. சீவல்களைக் கையால் அகற்றலாகாது. கண்ணாடி அணிதல் வேண்டும். பழைய பொறி என்பதனால் சட்டம் விலக்களிப்பதில்லை. இந்நாட்டின் 1998ஆம் ஆண்டுத் தொழிற்கருவி ஒழுங்குவிதிகள் வேலைத்தலத்திலுள்ள பழைய பொறிகளுக்கும் பொருந்தும். காப்பு மறைப்புகளும் அவசர நிறுத்தமும் இல்லாவிடின் அவற்றைப் பொருத்திய பின்னரே இயக்குதல் வேண்டும்.

கணினி வந்த பின்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், 1952ஆம் ஆண்டில், எண்களால் ஆளப்படும் வெட்டுபொறி ஒன்று இயக்கிக் காட்டப்பட்டது. அதன் வழிவந்த கணினிப் பொறிகளே இன்று தொழிற்சாலைகளை ஆள்கின்றன. வளைந்த வடிவங்களையும் சிக்கலான பாகங்களையும் அவை எளிதிற் செய்கின்றன. ஒருவரே பல பொறிகளைக் கவனிக்கலாம். இவற்றோடு பழைய பொறி போட்டியிட இயலாது. ஆயினும், எளிய வடிவமுள்ள பாகம் ஐம்பதோ முந்நூறோ வேண்டும்போது, பொறியும் கருவியும் ஏற்கெனவே கையில் இருப்பின், அது இன்றும் தன் இடத்தைக் காத்துக்கொள்கின்றது. பழுதுபட்டால் கழற்றிப் பார்த்துத் திருத்தலாம். மின்னணுப் பலகைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். கணினிக் கடைசற்பொறியின் கதவைத் திறந்தால், உள்ளே பெரும்பாலும் ஒரு கோபுரம் இருக்கும். முகங்கள் எட்டாகவோ பன்னிரண்டாகவோ இருக்கலாம். கைபிடிக்குப் பதிலாக மோட்டார் அதனைச் சுழற்றலாம். தடுப்புத் திருகின் இடத்தில் எண்கள் இருக்கலாம். வேலையை ஒழுங்காகப் பிரித்து, எதன்பின் எது என்று முன்னரே சிந்தித்து வைக்கும் முறையில் மாற்றமில்லை. கைப்பொறியில் ஒழுங்குபடுத்தக் கற்றவர் கணினிப் பொறியை எளிதில் விளங்கிக்கொள்வார்.

நிறைவாக

இப்பொறியின் முன் நிற்பவர் இரு வகையினர் ஆகலாம். வேறொருவரின் சிந்தனையைப் பொறி நினைவில் வைத்திருக்க, கையை மட்டும் கொடுப்பவர் ஒருவர். அச்சிந்தனை எவ்வாறு பொறிக்குள் வந்தது எனக் கேட்டு அறிபவர் மற்றவர். முன்னவருக்குக் கூலி கிடைக்கின்றது. பின்னவருக்குக் கூலியோடு தொழிலும் கிடைக்கின்றது. ஊரிலே ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் விவசாயியாகவும் இருந்து, இங்கு வந்து பொறிகளின் முன் நிற்கும் பெற்றோர்களுக்கு இதனைச் சிறப்பாகக் கூற விரும்புகின்றேன். "படிக்காவிட்டால் என்னைப்போல் தொழிற்சாலைக்குத்தான் போவாய்" என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். நீங்கள் அறிந்ததை அவர்களுக்குச் சொல்லுங்கள். முடிந்தால் எழுதியும் வையுங்கள், தமிழிலேயே எழுதுங்கள்.

பிள்ளைகளே, இன்று விழா முடிந்து வீடு செல்லும்போது, அப்பாவிடமும் அம்மாவிடமும் அவர்களது வேலை எவ்வாறு நடைபெறுகின்றது எனக் கேளுங்கள். அவர்கள் கூறுவதைப் பத்து வாக்கியங்களில் தமிழில் எழுதி அடுத்த சனிக்கிழமை கொண்டுவாருங்கள். வாசிக்க ஆவலாகக் காத்திருக்கின்றேன்.

நம் தமிழ்ப் பாடசாலை மேன்மேலும் வளர வாழ்த்தி விடைபெறுகின்றேன்.